மூச்சுக்கு விட்ட இடம்

பிரெஸ்ட், 9 நவம்பர் 1981

அன்புள்ள ரோசெனுக்கு,

நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் அறையில் சூடேற்றும் குழாய் வேலை செய்கிறதா, இல்லை இன்னும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாயா?

டி.வி. ஸ்டுடியோவை விட்டு நான் ஏன் கிளம்பினேன் என்று நீ கேட்கவில்லை. படிக்கட்டு வரைக்கும்கூட யாரும் பின்னால் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது ஒப்பனை அறையில் இருந்தாய். நான் கீபோர்டுகளை எடுத்து வைத்து, வயர்களைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தேன். காதில் கருவி மாட்டிய ஒருவன் வந்தான்.

“பெரியவரே, வயரெல்லாம் எதுக்கு? சுருட்டி வச்சிடுங்க. படத்துல அசிங்கமா தெரியும்.”

“வயர் இல்லாம சத்தம் எப்படிய்யா வரும்?”

“ரிக்கார்டு நாங்க ஓட்டுவோம். நீங்க கையை மட்டும் ஆட்டுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“கையை ஆட்டறதுக்கு நாற்சந்தியில போலீஸ்காரன் நிக்கிறான். அவனைக் கூட்டிட்டு வா.”

அவன் சிரித்தான். நான் பெட்டியை மூடினேன். அவ்வளவுதான்.

கஃபேக்களில் காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டிகளை ரிப்பேர் செய்கிறவன் நான். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பழைய பத்திரிகைகளைப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, அந்தத் தாள இயந்திரத்தை நானே செய்தேன். துறைமுக வாயிலில் இமைக்காமல் எரியும் விளக்கைப் பார்த்து நம் குழுவுக்கு ‘நிலைவிளக்கு’ என்று பெயர் வைத்ததும் நான்தான். இசைத்தட்டுக் கம்பெனிக்கார வெர்னேய் பாரிசிலிருந்து வந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நாம் என் கராஜில்தான் வாசித்தோம், வயர்களைச் செருகிக்கொண்டு.

‘குளிர் அறை’ பாட்டில் பல்லவிக்கு முன்னால் எல்லாச் சத்தமும் ஒரு தாள அடி நிற்கும். அந்த இடத்தில் நீ மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்கும். அந்த ஒரு அடியை உனக்காகக் காலியாக விட்டவன் நான். உனக்குக் காற்று போதவில்லை என்று கண்டுபிடித்தவனும் நான். அதை ரிக்கார்டில் ஓட்டிவிட்டு நீ சும்மா வாயைத் திறந்து நிற்க வேண்டுமாம். எனக்குச் சம்மதமில்லை. வயரைச் செருக விட்டால் மறுநாளே வருவேன் என்று வெர்னேயிடம் சொல். நானில்லாமல் அவர்கள் படமெடுக்க முடியாது, குழுவில் மூன்று பேர் என்றால் படத்திலும் மூன்று பேர் வேண்டும்.

வெண்ணெய் போட்டுச் சாப்பிடு. இளைத்திருக்கிறாய்.

உன் அண்ணன்
ஜோப்


பாரிஸ், 24 நவம்பர் 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்தீர்களா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. குழாய் வேலை செய்கிறது, ஆனால் ராத்திரியில் யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் போடுகிறது. நம் ஜில்தாவுக்கு ராணுவ சேவைக்கான ஓலை வந்துவிட்டது. பாட்டெழுதி கிடார் வாசிக்கிறவனுக்குத் துப்பாக்கியா என்று புலம்பிக்கொண்டிருக்கிறான். இங்கே நம் ஊர்ப் பக்க பிரெட்டன் கடை ஒன்று கண்டுபிடித்தேன், அப்பம் மெல்லிசாக இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணா, அன்றைக்கே படமெடுத்துவிட்டார்கள். படத்திலும் மூன்று பேர்தான். உங்கள் கீபோர்டுக்குப் பின்னால் ஃபப்ரீஸ் என்ற பையனை நிறுத்தினார்கள். மழைக்கோட்டு விளம்பரங்களில் வருவானாம். நல்ல பையன். என்னிடம் வந்து, “இதுல எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வரும்?” என்று கேட்டான். “எந்தப் பக்கத்துலேர்ந்தும் வராது, பயப்படாத,” என்றேன்.

வெர்னேய் சொன்னது இது: “உங்கண்ணன் மூளை. ஒத்துக்கறேன். ஆனா மூளையை யாரும் டி.வி.ல காட்டறதில்லம்மா.”

நான் உதட்டுச் சாயத்தைச் சரி செய்துகொண்டு போய் நின்றேன். பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சனிக்கிழமை ஒளிபரப்பு. பார்க்க வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள், அதனால் சொல்லவில்லை.

குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
ரோசென்


பிரெஸ்ட், 20 டிசம்பர் 1981

ரோசெனுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ நலமாக இருப்பதை டி.வி.யிலேயே பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டு டி.வி.யில் படம் சரியில்லை என்று மேரிவான் அம்மாள் கஃபேக்குப் போனேன். அவளுடைய பாட்டுப் பெட்டிக்கும் ஊசி மாற்ற வேண்டியிருந்தது. துறைமுக ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அந்த மழைக்கோட்டுப் பையன் திரையில் வந்ததும் ஆரம்பித்தார்கள்.

“யோவ் ஜோப், டி.வி.ல உன் மூஞ்சி ரொம்பத் தெளிஞ்சிடுச்சே!”

“முடியும் முளைச்சிருக்குப்பா. பாரிஸ் தண்ணி அப்படி.”

ஒற்றை விரலால் அழுத்த வேண்டிய இடத்தில் அவன் பத்து விரலையும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தான், ரொட்டி மாவு பிசைகிறவன் மாதிரி. மேரிவான் அம்மாளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. “பையன் எவ்ளோ உருகி வாசிக்கிறான் பாரு,” என்றாள்.

ஆர்மெல்லும் அங்கேதான் இருந்தான். நம் முதல் டிரம்மர். தாள இயந்திரம் வேலை செய்ய ஆரம்பித்த வாரமே நான் குழுவிலிருந்து நீக்கினேனே, அவனேதான். இப்போது ரொட்டிக் கடைக்கு வேன் ஓட்டுகிறான். என் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்ன ஜோப் அண்ணே, என் இடத்துல மெஷினை வச்சீங்க. உங்க இடத்துல மழைக்கோட்டை வச்சிட்டாங்களா?”

நான் பாட்டுப் பெட்டியின் ஊசியை மாற்றப் போனேன். அவனை நீக்கியது சரிதான். எல்லாப் பாட்டிலும் அவசரப்பட்டான், இன்றைக்கும் ரொட்டிக்கு அவசரப்படுகிறான், ஊரே அவன் வேனுக்கு ஒதுங்குகிறது.

மறுநாள் என் கையில் இருக்கும் எல்லாப் பாட்டுப் பெட்டிகளிலிருந்தும் ‘குளிர் அறை’யை எடுத்துவிட்டேன். மூன்று கஃபேக்காரர்கள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார்கள். திரும்ப வைத்தேன். உனக்காக வைத்தேன், அவனுக்காக அல்ல.

வெர்னேய் எனக்கு முறைப்படி எழுதட்டும். அதுவரை நான் இங்கே இருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு வருவாயா?

ஜோப்


லியோன், 18 பிப்ரவரி 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமசுக்கு வர முடியாததற்குக் கோபமாக இருப்பீர்கள். அன்றைக்கு ஒரு சூதாட்ட விடுதியில் பாட வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன், கார் கீழே நிற்கிறது. நேற்று லீல், இன்று லியோன், நாளை எங்கே என்று ஓட்டுநருக்குத்தான் தெரியும். காலையில் கண் விழித்ததும் சுவர் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாட்டு எல்லா இடத்திலும் ஓடுகிறது அண்ணா. காய்கறிக் கடையில் கேட்டேன், பல் டாக்டரிடம் கேட்டேன். ஜில்தா போய்விட்டான். ஜெர்மனியில் முகாம். மொட்டை அடித்துவிட்டார்களாம். அவன் இடத்துக்கு இசைப்பள்ளியில் படித்த ஒருவர் வந்திருக்கிறார். தாளை வைத்துக்கொண்டு வாசிக்கிறார். என் மூச்சு இடத்தைப் பார்த்து, “இங்க ஒரு அடி விட்டுப் போயிருக்கு, யாரோ மறந்துட்டாங்க,” என்று நிரப்பப் போனார். நான் கத்திவிட்டேன்.

கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

புதுப் பாட்டு பதிவு செய்யப் போகிறோம். நீங்கள் வர வேண்டும். வெர்னேய் எழுதமாட்டார், நான் கேட்கிறேன். டி.வி. இல்லை, ஸ்டுடியோ மட்டும்தான், வயர்கள் இருக்கும். வாருங்கள் அண்ணா.

முழங்கால் எப்படி என்று எழுதுங்கள்.

ரோசென்


பிரெஸ்ட், 3 மார்ச் 1982

அன்புள்ள ரோசெனுக்கு,

முழங்கால் என்னுடையது, பார்த்துக்கொள்கிறேன். உன் தொண்டையைப் பார். கத்தியதற்குத் தொண்டை கட்டினால் இரண்டு நாளில் விட வேண்டும். சூடான பாலில் தேன் விட்டுக் குடி. விஸ்கி விட்டுக் கொடுப்பவர்களை நம்பாதே.

வரமாட்டேன். நீ கூப்பிடுவது வேறு, அவர்கள் கூப்பிடுவது வேறு. திருடன் மாதிரி பின்வாசல் வழியாக வந்து சத்தத்தைச் செய்து கொடுத்துவிட்டு, முன்வாசலில் மழைக்கோட்டு நிற்பதைப் பார்க்க என்னால் ஆகாது. என் நிபந்தனைகள் மாறவில்லை. இசைத்தட்டின் உறையில் என் பெயர். மேடையில் நான். வயர்கள் செருகியிருக்க வேண்டும். வெர்னேயின் கையெழுத்தோடு வந்தால் அன்றைக்கே ரயில் ஏறுவேன்.

நீ அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதது சரி. வேறு பாட்டிலும் அப்படி இடம் விடச் சொல். உன்னால் ஒரு மூச்சில் அவ்வளவு தூரம் போக முடியாது, சின்ன வயதிலிருந்தே முடியாது.

கராஜில் பொருள்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறேன். கீபோர்டை ஜன்னல் பக்கம் வைத்தேன், பிறகு கதவுப் பக்கம். எங்கே வைத்தாலும் நடுவில் உன் மைக் நிற்கிறது, இடிக்கிறது.

பதில் எழுது.

ஜோப்


பிரெஸ்ட், 30 மே 1982

ரோசெனுக்கு,

மார்ச்சில் எழுதினேன். ஏப்ரலில் ஒரு அட்டை போட்டேன். தபால்காரனிடம் கேட்டால், “எனக்கு எழுதத் தெரிஞ்சா நானே ஒண்ணு எழுதிக் குடுத்துடுவேன் ஜோப்,” என்கிறான். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். என் மேல் கோபமென்றால் அதையும் எழுதலாம்.

ஜோப்


நீஸ், 27 ஜூன் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபமெல்லாம் இல்லை. ஊர் ஊராகப் போனதில் உங்கள் கடிதங்கள் என் பின்னாலேயே சுற்றி, மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. உடம்பு நலம். தொண்டை சரியாகிவிட்டது.

இங்கே கடல் வேறு மாதிரி. சத்தமே போடாமல் பளபளவென்று கிடக்கிறது. தலைமுடியைக் குட்டையாக வெட்டி ஒரு பக்கம் வெள்ளையாக்கிவிட்டார்கள். பார்த்தால் திட்டுவீர்கள். ஜில்தா எழுதியிருந்தான். முகாம் வானொலியில் நம் பாட்டு வந்ததும், “இதை எழுதினது நான்,” என்றானாம். “அப்ப கக்கூஸ் கழுவும்போது பாடிக்கிட்டே கழுவு,” என்று அனுப்பிவிட்டார்களாம்.

புதுப் பாட்டு ‘கண்ணாடிக் கடற்கரை’ பதிவாகிவிட்டது. சீக்கிரம் முடிந்துவிட்டது, எனக்கு அதிக வேலை இல்லை. நீங்கள் சொன்னபடி அதிலும் ஒரு அடி காலியாக இருக்கிறது. செப்டம்பரில் டி.வி.யில் வரும். இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன், பார்க்க வேண்டாம்.

மேரிவான் அம்மாளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளுடைய நாய் இருக்கிறதா?

ரோசென்


பிரெஸ்ட், 19 செப்டம்பர் 1982

அன்புள்ள ரோசெனுக்கு,

நாய் இருக்கிறது. நானும் இருக்கிறேன். உன்னைப் பற்றி இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தட்டு எனக்குப் போன வாரமே வந்துவிட்டது. டி.வி. வருவதற்கு முன் பாட்டுப் பெட்டிகளில் ஏற்றிவிட வேண்டும் அல்லவா. மேரிவான் அம்மாள் கஃபேயில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். பல்லவிக்கு முன்னால் எல்லாம் நின்றது. ஒரு அடி காலி. நிஜமாகவே காலி. உன் மூச்சு இல்லை. கத்தரித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வெர்னேய்க்கு நான்கு பக்கம் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன்.

நேற்று டி.வி. பார்த்தேன். பார்க்காதே என்றாய், கஃபேயில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தேன். நீ தலைமுடியை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த இடம் வந்தது. சத்தம் நின்றது. உன் இரண்டு தோளும் மேலே ஏறின. வாய் திறந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. நீ மூச்சை இழுத்தாய். நடிக்கவில்லை, நிஜமாகவே இழுத்தாய், கராஜில் இழுப்பது போல. டி.வி. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குரல் வந்தது. நல்ல குரல். எங்கேயும் பிசிறு இல்லை. எங்கேயும் மூச்சு வாங்காமல் பாட்டு முடியும்வரை போயிற்று.

கஃபேயில் யாரும் கவனிக்கவில்லை. கை தட்டினார்கள். ஆர்மெல் மட்டும் காபியைக் கலக்குவதை நிறுத்திவிட்டான். கரண்டியைக் கீழே வைத்தான்.

“ஜோப் அண்ணே. அது ரோசென் இல்ல.”

“வாயை மூடு.”

“சரி, மூடிக்கிறேன். ஆனா அது ரோசென் இல்ல.”

வெர்னேய்க்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன், அவனிடம் கேட்க வேண்டியதல்ல இது. பாடியது யார்? உன் தொண்டைக்கு என்ன? எந்த மாதத்திலிருந்து?

ஜோப்


பாரிஸ், 10 அக்டோபர் 1982

அண்ணா,

நலமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்து இரண்டு தாள்களைக் கிழித்தேன். நலமாக இல்லை.

குரல் நாண்களில் முடிச்சுகள். மார்ச்சிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், பாடவே கூடாது, முடிந்தால் பேசவும் கூடாது என்று. உங்கள் நிபந்தனைக் கடிதம் வந்த அதே வாரம். ‘ஒரு மூச்சில் உன்னால் போக முடியாது’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பதில் எழுத என்னால் முடியவில்லை. கடிதங்கள் ஒன்றாக வந்தன என்று நீஸிலிருந்து எழுதியது பொய்.

வெர்னேய் நல்லவிதமாகத்தான் சொன்னார். “தட்டு காத்திருக்காதும்மா. உன் முகம் இருக்கு, அது போதும்.” ஒரு பெல்ஜியக்காரப் பெண் வந்தாள். மதியத்துக்குள் பாடி முடித்து, ரயிலைப் பிடிக்க ஓடினாள். பெயர்கூடச் சரியாகத் தெரியாது. இத்தனை மாதமாக அவளுக்கு வாயசைக்கிறேன்.

நீங்கள் கையை ஆட்டமாட்டேன் என்று படியிறங்கிப் போனீர்கள். நான் வாயை ஆட்டினேன். ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று உங்கள் கையெழுத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் பயந்தேன். ஆர்மெல் போனான், நீங்கள் போனீர்கள், ஜில்தா போனான். கராஜிலிருந்து கிளம்பியதில் நான் ஒருத்திதான் பாக்கி என்று எல்லாரும் பேட்டி எடுக்கிறார்கள். அந்த ஒருத்தியும் தட்டில் இல்லை.

இன்னும் இருக்கிறது. ஜனவரியிலிருந்து வேறொரு பெண் நிற்பாள். பத்தொன்பது வயது. பாடவும் பாடுவாளாம். அது பரவாயில்லை. அந்தக் காலி இடத்தில் என் தோள் ஏறுவது பார்ப்பவர்களுக்குப் பிடித்துவிட்டதாம், கடிதங்கள் வருகின்றனவாம். அதை நான் அவளுக்குக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லித் தர வேண்டும். நேற்று ஆரம்பித்தோம்.

“அக்கா, தோளைத் தூக்கறப்ப மூச்சு விடணுமா, இழுக்கணுமா?” என்று கேட்டாள்.

வெர்னேய் மூலையிலிருந்து, “ரெண்டும் வேணாம். தூக்கினா போதும்,” என்றார்.

நாளைக்கும் வருவாள். நான் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். என்ன செய்யட்டும் அண்ணா?

ரோசென்


பிரெஸ்ட், 13 அக்டோபர் 1982

ரோசெனுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. தபால்காரன் வாசலிலேயே நிற்கிறான், அவன் பையில் இதைப் போட்டு அனுப்புகிறேன். உடம்பு விசாரிப்பெல்லாம் பிறகு.

சொல்லித் தராதே. வண்டி ஏறு.

ஜோப்


பாரிஸ், 16 அக்டோபர் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று கண்ணாடி முன்னால் அந்தப் பெண்ணிடம், “உனக்கு மூச்சு வேணும்னா இழு, வேணாம்னா சும்மா நில்லு. என்னுது எனக்கு வேணும்,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடைசியாகச் சத்தம் போட்டுப் பேசியது அதுதான். இந்தத் தடவை ஒருத்தன் படிக்கட்டு வரைக்கும் வந்தான். அந்த மழைக்கோட்டுப் பையன் ஃபப்ரீஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். பேசக் கூடாது. என்னை எதுவும் கேட்காதீர்கள்.

முழங்கால்?

ரோசென்


பிரெஸ்ட், 19 அக்டோபர் 1982

அன்புள்ள ரோசெனுக்கு,

முழங்கால் மடங்குகிறது, கொஞ்சம்.

அன்றைக்கே சொன்னேன் என்று நான் எழுதமாட்டேன். எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

ரயிலடிக்கு நான் வரமாட்டேன். அங்கே இருக்கும் கஃபேக்காரன் என் பாட்டுப் பெட்டியை வேண்டாமென்று வேறு கம்பெனிப் பெட்டி வைத்திருக்கிறான், அந்த வாசலை நான் மிதிப்பதில்லை. ஆர்மெல் ரொட்டி வேனோடு வருவான். அவன் பேசிக்கொண்டே ஓட்டுவான். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, அவன் எதிர்பார்ப்பதும் இல்லை.

அந்த டி.வி. பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவனே டிரம்மைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை. “மெஷின் ஒரு ஓரமா இருக்கட்டும், நானும் ஒரு ஓரமா இருக்கேன்,” என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் வருகிறான். இப்போதும் அவசரப்படுகிறான். அதைச் சொன்னேன். “உங்க மெஷின்தான் தூங்குது,” என்றான். அவனை நீக்கியது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜில்தாவுக்கும் எழுதியிருக்கிறேன், சேவை முடிந்து மயிர் வளர்ந்ததும் வரச் சொல்லி.

‘நிலைவிளக்கு’ என்ற பெயரை வெர்னேய் வைத்துக்கொள்ளட்டும். துறைமுக வாயிலில் இருப்பதை அவனால் பிடுங்க முடியாது.

நீ பாட வேண்டாம். இந்தக் குளிர்காலம் முழுக்க வாயே திறக்க வேண்டாம். இங்கே யாரும் உன்னைப் பாடச் சொல்லப் போவதில்லை, சொன்னால் கராஜைப் பூட்டிவிடுவேன். நான் இயந்திரத்தில் பல இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று ஆர்மெல் கேட்கிறான். அது நம் வேலையில்லை, அவள் மூச்சை இழுத்து முடித்ததும் தொடங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் ஆனாலும் தொடங்காமல் இருப்பான். இருக்க வைப்பேன்.

உன் மைக்கை நகர்த்தவில்லை, இடித்துக்கொண்டே நடக்கிறேன். வயர்கள் எல்லாம் செருகியிருக்கின்றன.

தொப்பி போட்டுக்கொண்டு வா. மழை.

உன் அண்ணன்
ஜோப்